அடாப்டிவ் டெஸ்ட்: 'தகவமைவுத் தேர்வு' சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு பற்றிய இயலில் 'அடாப்டிவ் டெஸ்ட்' (எழுதுபவர் செய்வதைப் பார்த்து வினாக்களின் கடினத்தை மாற்றும் தேர்வு) என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. இப்போதைக்குத் 'தகவமைவுத் தேர்வு' என்று போட்டிருக்கிறேன். தகவமைவு, பிள்ளைகள் உயிரியலில் படித்த சொல்தான். பொருந்துமா?

நெல்லையிலிருந்து

---

> தகவமைவு, பிள்ளைகள் உயிரியலில் படித்த சொல்தான்.

அதுதான் ஐயா உறுத்துகிறது. அந்தப் பாடத்தில் கள்ளியின் இலை முள்ளாகும், ஒட்டகம் பாலைக்குப் பழகும். சூழல் அப்படியே இருக்க, உயிர் மாறும். 'தகவமைவுத் தேர்வு' என்று படிக்கிற பையன், தேர்வுக்கு ஏற்றபடி தான் மாறவேண்டும் என்றே நினைப்பான். நடப்பது நேர்மாறு. அவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், வினாத்தாள்தான் மாறுகிறது.

ஜிஆர்இ கணிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு முதற்பகுதியில் 12 வினா, 21 நிமிடம். இரண்டாம் பகுதியில் 15 வினா, 26 நிமிடம். முதற்பகுதியை எப்படிச் செய்தோம் என்று பார்த்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாக வருவதா எளிதாக வருவதா என்பதைக் கணினி முடிவு செய்கிறது. மொழிப்பகுதிக்கும் இதே ஏற்பாடு. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம். பகுதி முடிந்தால் கதவு மூடிவிடும். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் ஒவ்வொரு வினாவுக்குப் பிறகும் இந்தக் கணக்கு நடக்கிறது.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்பீர்கள். என்னிடம் கணிதம் படித்த பெண் ஒருத்தி மாதிரித் தேர்வு முடிந்ததும் அழுதாள். இரண்டாம் பகுதி மலைபோல் இருந்ததாம். முதற்பகுதியை நன்றாகச் செய்ததற்குக் கிடைத்த மலை அது! அதே நாளில் 'ரொம்ப எளிது சார்' என்று சிரித்துக்கொண்டு வந்தவனுக்குத்தான் மதிப்பெண் இறங்கியிருந்தது. இரண்டாம் பகுதி எளிதாக வந்துவிட்டால், அதில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண்ணான 170-ஐ எட்டுவது நடக்காது. பெயரைக் கேட்டதுமே இந்தச் சூட்சுமம் பாதியாவது விளங்க வேண்டாமா?

என் பரிந்துரை: 'விடைவழித் தேர்வு'. விடை காட்டும் வழியில் வினா போகிறது.

சேலத்திலிருந்து

---

ஐயா, இலங்கைப் பாடநூல்களில் தகவமைவுக்கு 'இசைவாக்கம்' என்போம். நீங்கள் சொன்ன குறை அதற்கும் உண்டு என்பதால் அதை நான் முன்மொழியவில்லை. 'ஆளறி பரீட்சை' எப்படி? பாத்திரமறிந்து பிச்சையிடு என்பதுபோல, எழுதுபவரின் தரம் அறிந்து வினா இடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

> ஆளறி பரீட்சை

வினைத்தொகை அழகாக விழுந்திருக்கிறது அம்மா. ஆனால் தேர்வு மையத்தின் வாசலில் கடவுச்சீட்டை வாங்கி முகத்தோடு ஒப்பிடுகிறார்களே, ஆளறிவது என்றால் அதுவல்லவா நினைவுக்கு வரும்? 'திறனறி' என்று மாற்றலாம் என்றால், தமிழ்நாட்டில் உதவித்தொகைக்கு நடக்கும் திறனறித் தேர்வு அந்தப் பெயரை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

சேலத்திலிருந்து

---

சேலத்து நண்பருக்கு ஒரு தடை. 'இணையவழித் தேர்வு', 'அஞ்சல்வழிக் கல்வி' என்று எழுதிப் பழகிய கைக்கு 'வழி' என்றால் ஊடகம். விடைவழித் தேர்வு என்பதை எவரும் உங்கள் பொருளில் படிக்கமாட்டார்.

கணினிக்கு வெகு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்ஃபிரெட் பினே பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனையை உருவாக்கினார். அந்த மரபில் வந்த சோதனைகளில், குழந்தை சரியாகச் சொன்னால் மேற்படிக்கு ஏறுவார்கள்; திணறினால் கீழ்ப்படிக்கு இறங்குவார்கள். அவ்வளவுதான் விஷயம். 'ஏற்ற இறக்கத் தேர்வு' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாமே?

கோவையிலிருந்து

---

பங்குச்சந்தை வாசனை அடிக்கிறது! இருந்தாலும் 'வழி' பற்றிய தடைக்கு என்னிடம் பதில் இல்லை.

சேலத்திலிருந்து

---

அனைவருக்கும் நன்றி. விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று சொற்களையும் ஒரு தாளில் எழுதி, கல்லூரியில் படிக்கும் அக்காள் மகனிடம் நீட்டினேன். தகவமைவுத் தேர்வு: "விலங்கியல் பரீட்சையா மாமா?" விடைவழித் தேர்வு: "விடையை மட்டும் எழுதி அனுப்ப வேண்டுமா?" ஏற்ற இறக்கத் தேர்வு: சற்று யோசித்துவிட்டு, "கேள்வி கஷ்டமாகிக்கொண்டே போய், அப்புறம் குறையுமா?"

முழுவதும் சரியில்லை, ஆனால் கேள்விதான் மாறுகிறது என்று பிடித்துவிட்டான். வழிகாட்டியில் ஜிஆர்இக்குப் 'பகுதிதோறும் ஏற்ற இறக்கம்', ஜிமேட்டுக்கு 'வினாதோறும் ஏற்ற இறக்கம்' என்று திருத்திவிட்டேன். சேலத்து ஐயா பொறுத்தருள வேண்டும். அந்த மலைக் கதையை இயலின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா?

நெல்லையிலிருந்து

---

தாராளமாக. அழுதது யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து