பூட்டிய வீட்டில் கட்டியே கிடக்கும் நாய்: பொலிஸ் முறைப்பாடு எடுக்காதா?

கோண்டாவில் பிள்ளை:
எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு கனடா போய்விட்டது. வளவுக் காவலுக்கென்று நாயைப் பின்பக்க வேம்பில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரப் பெடியன் ஒருவன் நினைத்த நேரம் வந்து சோறு கொட்டிவிட்டுப் போகிறான், சில நாள் வருவதே இல்லை. விலா எலும்பு தெரிகிறது, சங்கிலி அறுத்துக் கழுத்தில் புண், இலையான் மொய்க்கிறது. கேட்டால் "எங்கட நாய், உங்களுக்கென்ன" என்கிறான். பொலிஸுக்குப் போனேன், நாய் விசயமென்றால் பிரதேச சபைக்குப் போங்கள் என்று சிரித்துவிட்டு அனுப்பினார்கள். சபையில் கேட்டால் நாய்ப் பதிவுதான் எங்கள் வேலை, வதை என்றால் பொலிஸ் என்கிறார்கள். உண்மையில் இது யாருடைய பொறுப்பு?

கறுப்புக்கோட்டு அக்கா:
பொலிஸின் பொறுப்புத்தான் தங்கச்சி, சபை சொன்னது சரி. 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பதும் வதைப்பதும் மட்டும் குற்றமில்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுத் தேவையில்லாத வலியை உண்டாக்கினாலும் அதே சட்டத்தின் 2 ஆம் பிரிவுக்குள் வரும். அதனால் "நாய் பாவம்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தத் திகதியில் என்ன கண்டீர்கள், புண் எங்கே, தண்ணீர்ச் சட்டி இருந்ததா என்று தமிழில் எழுதி, சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் போட்டு, ஒழுங்கையில் இன்னும் ஒருவர் இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே பொறுப்பதிகாரியிடம் கொடுங்கள், முறைப்பாட்டு இலக்கம் கையில் கிடைக்கும் வரை எழும்பாதீர்கள். மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பிரதியோடு ஒரு கடிதம், யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இன்னொன்று. அதற்கும் அசையாவிட்டால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 136 ஆம் பிரிவில், சட்டத்தரணி ஒருவர் வரைந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் நீங்களே நீதவானிடம் முறையிடலாம். நடைமுறையில் அந்தக் கடிதங்களைக் கண்டவுடனேயே பாதி இடத்தில் வாகனம் வெளிக்கிட்டுவிடும்.
ஒன்று மட்டும்: மதில் ஏறிக் குதித்துச் சங்கிலியை வெட்டப் போகாதீர்கள். அத்துமீறல், களவு என்று உங்கள் மேல் வழக்கு வரும், நாய் திரும்ப அதே வேம்புக்குப் போகும்.

சுன்னாகம் சந்தி:
அந்தச் சட்டத்தின் தண்டம் எவ்வளவு தெரியுமா? ஆகக்கூடியது 100 ரூபாய். பிளேன்டீயும் வடையும் வாங்கக் காணாது. இதற்குப் போய் எந்தப் பொலிஸ் மினக்கெடும்? புதிய சட்ட வரைவை 2006 இல் சட்ட ஆணைக்குழு எழுதிக் கொடுத்தது, 2016 இல் அமைச்சரவையும் ஓம் என்றது, பேந்து என்ன நடந்தது?

கறுப்புக்கோட்டு அக்கா:
சந்தி, தண்டத்தை மட்டும் பார்க்கிறீர்கள், மூன்று மாதம் வரை மறியலும் அதே பிரிவில் இருக்கிறது. பெடியனும் கனடாவுக்கு பைல் போட்டிருந்தால், நீதவான் முன்னால் போய் நிற்பதே அவனுக்குக் காணும்.

வேலணை ரவி:
தீவுப் பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாட்டைக் களவெடுத்து வெட்டினால் பொலிஸ் வருகிறது, பிடிக்கிறது, நீதிமன்றமும் கொண்டுபோகிறது. ஏன்? மாட்டுக்காரன் நட்டப்பட்டு வந்து நிற்கிறான், தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கென்று பிரிவும் இருக்கிறது. லொறியில் நாலு காலையும் கட்டி ஒன்றின் மேல் ஒன்றாய் மாடு ஏற்றிப் போனாலும் "பெர்மிட் எங்கே" என்றுதான் முதல் கேள்வி, கடதாசி சரியென்றால் போகலாம், கட்டிய விதத்தை யார் பார்க்கிறார்கள்? அந்த விதமே 1907 சட்டத்தில் தனிக் குற்றம். உங்கள் கதையில் சொந்தக்காரனே குற்றவாளி, நட்டப்பட்டு வர ஆளில்லை. அதனால் அந்த ஆள் இடத்தில் ஒழுங்கையே நிற்க வேண்டும். இந்த 100 ரூபாயை மாற்றக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், முறைப்பாடு எழுதவைக்க உங்கள் ஊர்ப் பொலிஸ் வாசல் போதும். 2017 இல் யாழ் மேல் நீதிமன்றம் கோயில் மிருகபலிக்குத் தடை போட்டதும் யாரோ வழக்கோடு போனபடியால்தான்.

மாட்டாஸ்பத்திரி:
அரச மிருக வைத்திய அலுவலகத்தில் வேலை செய்தவன் நான். போன் படம் நல்லதுதான், ஆனால் வழக்கில் நிற்பது வைத்தியரின் அறிக்கை. புண் பழையதா புதியதா, மெலிவு நோயாலா பட்டினியாலா என்பதை அவர் எழுதினால்தான் "வருத்தம் வந்து மெலிந்தது சேர்" என்ற கதை எடுபடாது. முறைப்பாட்டிலேயே அரச மிருக வைத்தியரைக் கூட்டிவந்து பார்க்கும்படி கேளுங்கள். புழு வைத்த கழுத்தென்றால் நாளைக் கடத்தாதீர்கள்.

கோண்டாவில் பிள்ளை:
எழுதத் தொடங்கிவிட்டேன், முன்வீட்டு அன்ரி கையெழுத்து வைக்கிறேன் என்றார். கனடாக்காரருக்கு முதல் போன் எடுத்துச் சொல்லவா, இல்லை அது நாயை இரவோடிரவாக வேறெங்கும் மாற்ற வழி விடுமா?

வேலணை ரவி:
முதலில் முறைப்பாட்டு இலக்கம். அதை எடுத்த பிறகு போன் எடுத்து அந்த இலக்கத்தையே சொல்லுங்கள்.