ஒடுங்கு பண்பா, உள்ளுறை பண்பா?

பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரியும் பண்பை மரபியல் ‘ரிசெஸிவ்’ என்கிறது; ஒருவரிடமிருந்து வந்தாலே தெரிவது ‘ஓங்கு பண்பு’. ‘ரிசெஸிவ்’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஒடுங்கு பண்பு’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘பின்னிடைவான இயல்பு’ என்றும் எழுதி வருகின்றன. பெற்றோரின் பண்புகள் பிள்ளைக்கு இறங்கும் முறையைப் புதிதாகக் கற்பவருக்கு இவ்விரண்டும் பிழையான எண்ணத்தைத் தருகின்றன என்பது என் கருத்து. மாற்றாக ‘உள்ளுறை பண்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின், 1866இல் அச்சான கட்டுரையிலேயே இதற்கான அடிப்படை இருக்கிறது. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறையில் கிடைத்தவை எல்லாம் உருண்டை விதைகளே. அடுத்த தலைமுறையின் 7324 விதைகளில் 5474 உருண்டையாகவும் 1850 சுருங்கியும் இருந்தன. மீண்டு வந்த சுருக்கம் பாட்டனிடம் இருந்ததைவிட எவ்வகையிலும் குறைந்ததன்று. ஒரு தலைமுறை முழுவதும் கண்ணுக்குப் படாமல் இருந்த பண்பு தேயாமலும் கலங்காமலும் அப்படியே திரும்பியது என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர்நிலை. ‘ஒடுங்கு’ என்ற சொல் அதைத்தான் மறைத்துவிடுகிறது.

சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது அழிவன்று, மீண்டும் தோன்றுதற்கு உரிய நிலையே என்று ஒருவர் வாதிடலாம். அழகான வாதம்தான், முதலில் இச்சொல்லைத் தேர்ந்தெடுத்தவரின் மனத்திலும் அப்பொருளே இருந்திருக்கக்கூடும். ஆனால் இன்றைய மாணவரின் செவியில் ‘ஒடுங்கிய’, ‘ஒடுக்கப்பட்ட’ என்னும் வழக்குகளே ஒலிக்கின்றன. அதனால் ஒடுங்கு பண்பு வலுவற்றது, அரியது, காலப்போக்கில் மறையக்கூடியது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையோ வேறு. ஓ இரத்த வகை ஒடுங்கு பண்பாக இருந்தும் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுகிறது. மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு பண்பாக இருந்தும் அரிதாகவே வருகிறது.

வகுப்பறைக்கு வெளியே இப்பிழையின் விளைவு பெரிது. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அவ்விருவருக்கும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவானவை என்பதால், நோய் தரும் ஒரே மரபணுவை இருவரும் வெளியே தெரியாமல் சுமந்திருக்கும் வாய்ப்பு உறவல்லாதாரைவிடக் கூடுகிறது. பெரிய தலசீமியா என்னும் கடும் இரத்தசோகை நோய்க்கான மரபணுவைத் தாய் தந்தை இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதை விளக்கும் மருத்துவர் ‘ஒடுங்கிய மரபணு’ என்றால் குடும்பத்தார் நோய் அடங்கிவிட்டதாகக் கருத இடமுண்டு. ‘உள்ளுறை மரபணு’ என்றால் அது உள்ளே இருக்கிறது என்பது சொல்லிலேயே புலப்படும்.

‘உள்ளுறை வெப்பம்’ இயற்பியலில் ஏற்கெனவே நிலைபெற்ற சொல். வெப்பமானியில் தெரியாவிட்டாலும் அவ்வெப்பம் இல்லாமற் போவதில்லை. இலக்கணத்திலும் இடர் இல்லை: ‘ஓங்கு பண்பு’ போலவே ‘உள்ளுறை பண்பு’ என்பதையும் வினைத்தொகையாகக் கொள்ளலாம், ஆகவே வலி மிகுந்து ‘உள்ளுறைப் பண்பு’ என்றாக வேண்டியதில்லை.

இணையான ‘ஓங்கு’ என்பதை ‘வெளிப்படு’ என மாற்றலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘மரபணு வெளிப்பாடு’ என்பது மரபணு செயற்பட்டுப் புரதம் உருவாவதைக் குறித்து வழங்கிவிட்டதால் குழப்பமே மிஞ்சும். ‘ஓங்கு’ அப்படியே இருக்கட்டும்.

ஓர் ஐயம் மட்டும் தீரவில்லை. சுருங்கிய பட்டாணியில் மாவுப்பொருளைக் கிளைக்கச் செய்யும் நொதியின் மரபணு பழுதுபட்டிருப்பது 1990இல் தெரியவந்தது. அம்மரபணுவின் ஒரு நல்ல படியும் (நகலும்) ஒரு பழுதான படியும் கொண்ட விதை வெளியே உருண்டையாக இருந்தாலும், அதன் மாவுமணிகள் நுண்ணோக்கியில் இடைப்பட்ட வடிவில் தெரிகின்றன. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கும் அரிவாளணு நோயின் மரபணுவும் அத்தகையது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் அறியப்பட்ட அந்த மரபணுவின் ஒரு படியை மட்டும் உடையவருக்குப் பொதுவாக நோய் வருவதில்லை. ஆயினும் அவர் இரத்தத்தில் இயல்பானதும் பிறழ்ந்ததுமான இருவகை ஹீமோகுளோபினும் காணப்படும். நாம் எந்த மட்டத்தில் நோக்குகிறோம் என்பதைப் பொறுத்தே உள்ளுறைதல் அமைவதால், உள்ளுறை பண்பின் வரையறையில் ‘புறத்தோற்ற அளவில்’ என்ற தொடரையும் சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.