சந்தியடித் தியேட்டரும் இரண்டாங்காட்சியும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

நமது சந்தியடித் தியேட்டரைப் போர்தான் மூடியது என்று ஒன்றுகூடல்களில் பேசிக்கொள்கிறோம். நானும் நெடுங்காலம் அப்படியே சொல்லி வந்தேன். ஆனால், 1990 ஜூனில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது அங்கே நிறுத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் இரண்டாங்காட்சி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நின்றுவிட்டது. தியேட்டரின் உயிர் அதிலேதான் இருந்தது.

யாழ்ப்பாண நகரத்தில் வின்சர், றீகல், ராஜா, மனோகரா, ராணி, ஸ்ரீதர் என்று பேர்போன படமாளிகைகள் இருந்தன. புதுப்படம் முதலில் அங்கேதான் ஓடும். கொழும்பிலிருந்து ரயிலில் வந்திறங்கும் படப்பெட்டி, நகரத்தில் ஓடித் தேய்ந்து, திரையில் மழை பெய்வதுபோலக் கோடு விழத் தொடங்கிய பிறகே நம் சந்தியை எட்டிப்பார்க்கும். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கி, வெளிநாட்டுப் படங்களை இறக்கும் உரிமை அதன் கைக்குப் போன பின்னர், பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் கலரி நிறைந்ததற்குக் காரணம் தோட்டக்காரர்கள்தாம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பொழுதுபட இறைத்துவிட்டு, கிணற்றடியிலேயே குளித்து, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, ஒரு சைக்கிளில் இருவராக வந்து சேர்பவர்களுக்கு ஒன்பதரை மணிக் காட்சியைத் தவிர வேறு காட்சி ஒத்துவராது. குடும்பப் பெண்கள் வரும் மாலைக்காட்சி மரியாதையாக நடக்கும். வசூல் என்னவோ இரவில்தான்.

மெசின் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள். ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வேண்டும். எரிந்து குறுகும் காபன் குச்சிகளை இடைவிடாமல் நெருக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். ஒப்பரேட்டர் அண்ணை சற்றே கண்ணயர்ந்தால் கதாநாயகியின் முகம் மங்கிவிடும், கலரியிலிருந்து விசில் பறக்கும். அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த அறையின் வெக்கையை ஒருநாள் உள்ளே போய் உணர்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததன் பின் வீடியோ டெக் வந்தது. வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களும் கொண்டு வந்தார்கள். கொண்டாட்ட வீடுகளில் விடிய விடியப் படம் ஓடியதால் தியேட்டருக்குச் சேதம் உண்டுதான், ஆனால் அதைத் தாங்கியிருக்கலாம். தாங்க முடியாதது இருட்டு. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட நாட்களிலிருந்து பொழுதுபட்டபின் தெருவில் இறங்கவே சனம் யோசித்தது. பின்னர் ஊரடங்கும் இராணுவச் சுற்றிவளைப்பும் வழமையாகிவிட, நள்ளிரவு தாண்டிச் சைக்கிளில் வீடு திரும்புவது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாயிற்று. பகற்காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு முதலாளி சில காலம் இழுத்துப் பார்த்தார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தொண்ணூறுகள் வந்தபோது, மண்டபத்தில் வாங்குகள்கூட இல்லை.

நம் ஊர்ச் சங்கம் வெளியிடும் மலருக்காக ஒரு வேண்டுகோள். காரில் ஒலிபெருக்கி கட்டி வந்து வீசிய படநோட்டீசுகளின் பின்பக்கத்தில் நம் அம்மாமார் பால்கணக்கும் சீட்டுக்கணக்கும் எழுதி வைத்தார்கள். 1995 இடப்பெயர்வில் காணி உறுதியோடு சேர்த்து அந்தக் கணக்குத் தாள்களையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து மறுபக்கத்தைத் திருப்பிப் படமெடுத்து அனுப்புங்கள்.