லீடருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கடிதாங்கி’யை முன்வைக்கிறேன்

வணக்கம் நண்பர்களே.

நாம் தொகுக்கும் நன்னீர்த் தூண்டில் சொற்பட்டியலில் ‘லீடர்’ (தூண்டில் நரம்புக்கும், அதாவது மீன்பிடி நூலுக்கும், இரைக்கும் இடையில் கட்டும் துண்டு) என்பதற்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: தலைநரம்பு, முன்னிழை, வழிநூல், நுனிக்கயிறு. நான்குமே ஆங்கிலச் சொல்லை எதிரில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்தச் சொல்லை மூடிவைத்துவிட்டுப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறு பெயர்தான் வாயில் வருகிறது. கனடாவின் ஒண்டாரியோவிலுள்ள கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய, கூரிய பல்லுள்ள நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் அதைச் சொல்ல வருகிறேன்.

சென்ற அக்டோபரில் நடந்தது. கைவசம் இருந்த கடிதாங்கிகளை வீட்டிலேயே விட்டுவந்துவிட்டேன். வேறு மீனுக்காக வைத்திருந்த மெல்லிய ஃப்ளூரோகார்பன் (ஒருவகை நெகிழி) நரம்பை ஒரு முழம் வெட்டிக் கட்டினேன். மாலையில் படகுக்குப் பக்கத்திலேயே மீன் கவ்வியது. கோல் ஒருமுறை வளைந்தது, உடனே நிமிர்ந்துவிட்டது. நரம்பை இழுத்துப் பார்த்தால் நுனியில் பிசிறே இல்லை. பிளேடால் அறுத்ததுபோல் இருந்தது. பொய்யிரை போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டு மும்முள்களோடு (மூன்று கொக்கி சேர்ந்த தூண்டில் முள்) வாய் பூட்டிக்கொண்ட நிலையில் ஒரு பெரிய மீனை ஏரிக்குள் அனுப்பிவிட்டேனே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அது இரை தின்ன முடிந்ததா, முள் துருப்பிடித்து உதிர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

லீடர் செய்யும் வேலை இதிலிருந்தே விளங்கும். மஸ்கியின் கீழ்த்தாடையில் நாய்ப்பல் போன்ற பற்கள், மேல் அண்ணத்தில் உள்நோக்கிச் சாய்ந்த சிறு பற்கள் வரிசை வரிசையாக. செவுள் மூடியின் விளிம்பும் கூர். மாட்டிய மீன் தன்னைத்தானே உருட்டி நரம்பைத் தலையில் சுற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. ஆகவே நரம்புக்கும் பொய்யிரைக்கும் இடையில் பல்லையும் செவுளையும் தாங்கிக்கொள்ள ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. அது எதையும் வழிநடத்தவில்லை, எதற்கும் தலைமை ஏற்கவில்லை. இடியைத் தாங்குவது இடிதாங்கி, சுமையைத் தாங்குவது சுமைதாங்கி. கடியைத் தாங்குவது கடிதாங்கி.

வேற்றுமொழிக்காரர்களும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘நரம்பின் அடி’ என்று பொருள்படும் ‘பா த லீன்’ என்கிறார்கள். ஆங்கிலம் பேசும் பிரிட்டனிலேயே, மஸ்கியின் உறவான பைக் மீனைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் லீடர் என்று சொல்வதில்லை, ‘டிரேஸ்’ என்பார்கள்.

இந்தச் சொல்லைப் பற்றி நம் குழுவில் இருவர் கேட்டதற்கு இனிப் பதில் சொல்கிறேன்.

> கடி என்றாலே நகைச்சுவைத் துணுக்குதான் நினைவுக்கு வருகிறது. கலைச்சொல்லுக்கு இது பொருந்துமா?

ஐயா, நாய்க்கடி, பாம்புக்கடி என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதும்போது யாரும் சிரிப்பதில்லை. தனித்து நிற்கும் ‘கடி’க்குத்தான் அந்தத் தொல்லை. கூட்டுச்சொல்லுக்குள் போனதும் பழைய பொருளே நிற்கிறது.

> ஈத்தூண்டிலில் (ஈ போன்ற பொய்யிரையை வீசிப் பிடிப்பது) பற்களே இல்லாத சிறு மீனுக்கும் லீடர் கட்டுகிறோம். அது எந்தக் கடியைத் தாங்குகிறது?

அக்கா கேட்டிருக்கும் இந்தக் கேள்விதான் உண்மையிலேயே கனமானது. அங்கே லீடரின் வேலை வேறு. தடித்த நூலின் நிழலை மீனிடமிருந்து மறைப்பதும், வீச்சின் விசையை மெல்ல மெல்லக் குறைத்து ஈயைத் தண்ணீரில் மெதுவாக இறக்குவதும் அதன் வேலை. நைலான் வருவதற்கு முன் பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்த இழையால் அதைச் செய்தார்கள். அதற்கு ‘முன்னிழை’ மிக அழகாகப் பொருந்துகிறது. வட அமெரிக்க ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டது. நாமும் அப்படி அடைக்க வேண்டியதில்லை. ஈத்தூண்டிலுக்கு முன்னிழை, பல்லுள்ள மீனுக்குக் கடிதாங்கி என்று இரண்டு பதிவுகளாக வைப்போம்.

ஒரு சொல் நிலைக்குமா என்பதை அடைமொழி சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃப்ளூரோகார்பன் கடிதாங்கி, கம்பிக் கடிதாங்கி, டைட்டேனியக் கடிதாங்கி: எதுவும் நாக்கில் தடுக்கவில்லை. இனி வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

“சுழல்தகட்டுப் பொய்யிரையை வீசி இழுப்பதற்கு 80 முதல் 130 பவுண்டு வரை தாங்கும் ஃப்ளூரோகார்பன் கடிதாங்கி போதும். வெட்டி வெட்டி இழுக்கும் மரப் பொய்யிரைக்கு விறைப்பான ஒற்றைக் கம்பிக் கடிதாங்கி வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் நரம்பு தொய்வதால் பொய்யிரை பக்கவாட்டில் திரும்பும். அப்போது வளையாத கம்பி இருந்தால்தான் முள் நரம்பில் சிக்காது. வீசுவதற்கு 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளம் சரி. படகை ஓட்டிக்கொண்டே இழுப்பதற்கு ஒரு மீட்டரோ அதற்கு மேலோ வேண்டும்.”

வீசும் கடிதாங்கி ஏன் குட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க விரும்புகிறேன். மஸ்கி பல நேரம் படகுவரை பின்தொடர்ந்து வந்து நின்று பார்க்கும். அப்போது கோல்நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் பொய்யிரையைச் சுற்றவேண்டும். கடிதாங்கி நீளமாக இருந்தால் அதன் மேல்முனையிலுள்ள சுழலி (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) கோல்நுனி வளையத்தில் இடித்து நின்றுவிடும். பொய்யிரையை அருகில் கொண்டுவந்து திருப்ப முடியாது.

நரம்புக்கு வருவோம். ‘பின்னல் இழைக்கயிறு’ என்று பட்டியலில் இருப்பதை நீக்கிவிடலாம். நம் ஊர் மீனவர்கள் நரம்பு என்றும், ஈழத்தில் தங்கூசி என்றும் சொல்கிறார்கள். ஒற்றை நைலானுக்குத் தங்கூசி, பின்னியதற்குப் பின்னல் நரம்பு என்று பிரித்துக்கொண்டால் இரண்டு சொல்லும் வாழும். மஸ்கிக்கு 80 அல்லது 100 பவுண்டு பின்னல் நரம்பு வழக்கம். 15 கிலோ மீனுக்கு 36 கிலோ தாங்கும் நரம்பா என்று ஒருவர் வியந்திருந்தார். மீனைவிட வீச்சுக்கே அந்த வலிமை வேண்டும். 200, 300 கிராம் பொய்யிரை பறந்துகொண்டிருக்கும்போது உருளையில் நரம்பு சிக்கி நின்றால், மெல்லிய நரம்பு சட்டென்று அறுந்து பொய்யிரை மட்டும் ஏரிக்குப் போய்விடும். தவிர, வலிய நரம்பால் மீனை விரைவில் கொண்டுவந்து, களைத்துப்போகும் முன் விட்டுவிடலாம். கோடையில் தண்ணீர் சூடேறியிருக்கும்போது இது மீனின் உயிர்ப் பிரச்சினை.

மற்ற நுனிச்சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஸ்விவல்’ சுழலி, இதில் யாருக்கும் மறுப்பில்லை. ‘ஸ்பிளிட் ரிங்’ என்பதற்குப் ‘பிளவு வளையம்’ வேண்டாம். பிளந்த வளையம் என்றால் உடைந்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். சாவிக்கொத்தில் இருப்பது அதே வளையம்தான், ‘சாவி வளையம்’ என்றே எழுதலாம். ‘ஸ்னாப்’ என்பதற்கு ‘விரைவுப்பிணைப்பி’ என்று இருப்பதைப் பார்த்து வருத்தமாக இருந்தது. அதை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்: வளைத்த கம்பி, ஒரு முனை மடங்கி மறு முனைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண்கள் புடவையில் குத்தும் ஊக்குதான் அது. ஊக்கு என்றே வைப்போம். ஒரு தகட்டுக்குள் முனையைச் செருகும் வகையில் அந்தப் பூட்டு லேசானால் பெரிய மீன் தலையை உதறும்போது திறந்துவிடும். வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நல்லது.

ஃப்ளூரோகார்பன் கடிதாங்கிக்கு முடிச்சு போடுவது கடினம். 130 பவுண்டு நரம்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமன், விறைப்பு வேறு. சிறு உலோகக் குழலுக்குள் இரண்டு இழையையும் செலுத்தி இடுக்கியால் நெரிப்பார்கள். அந்தக் குழலுக்கு ‘நெரிகுழல்’ என்று முன்மொழிகிறேன். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடிதாங்கியை நகத்தால் மேலிருந்து கீழாக வருடிப் பார்க்க வேண்டும். நகம் எங்காவது தட்டினால் அங்கே பல் பட்டிருக்கிறது, மாற்றிவிட வேண்டும்.

மஸ்கி என்ற பெயரை மாற்றவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது வட அமெரிக்கப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘நன்னீர்ச் சீலா’ என்று சொன்னால் கடல் சீலாவுக்கு உறவு என்ற தவறான எண்ணம் வரும். இரண்டும் வேறு குடும்பங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பக்கத்தில் சுறாத் தூண்டில் போடுபவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். சுறாவின் பல்லுக்கு முன்னால் நைலான் நிற்காது. முள்ளுக்கு மேல் கட்டும் கம்பித் துண்டை அவர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று அந்தப் பகுதியைச் சேர்ந்தவர் யாராவது கேட்டு எழுத வேண்டும். வாழும் சொல் ஒன்று கிடைத்தால் கடிதாங்கியை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.