நான் எழுதிய ஆப்பை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிடலாமா?

மாத்திரைப்பெட்டி (கேள்வி)

வணக்கம். ஆண்ட்ராய்டுக்கு ஒரு சின்ன ஆப் எழுதி வைத்திருக்கிறேன். வேளாவேளைக்கு மாத்திரையை நினைவூட்டும், அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, லாகின் இல்லை, இணைய அனுமதியே கேட்காது. மாமனாருக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த மருந்துப் பட்டியலைப் பார்த்து மிரண்டுபோய் எழுதியது. சாப்பாட்டுக்கு முன், பின், ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி மாத்திரை என்று எல்லாக் கணக்கும் அதில் உண்டு. யாரும் கோட் (நிரல்) எடுத்து மாற்றி, அதே நிபந்தனையில் வெளியிடலாம் என்கிற ஜிபிஎல் லைசென்ஸில், கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டேன். ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஆப்களுக்கான எஃப்-டிராய்டிலும் ப்ளே ஸ்டோரிலும் இருக்கிறது. மாமனார் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் ஆப்பைத் தொடுவதில்லை, தினசரி காலண்டரில் பேனாவால் டிக் போடுவதுதான் அவருக்குச் சௌகரியம். பயன்படுத்துகிறவர்கள் வேறு யார் யாரோ.

பகலில் ஆபீஸ். ராத்திரி பாத்திரம் கழுவி, பையனைத் தூங்க வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் இஷ்யூ (பயனர்களின் புகார்) வரிசை காத்திருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே புகார்: அலாரம் அடிக்கவில்லை. அதை என் கோடில் தேடினால் கிடைக்காது என்பதுதான் கொடுமை. ஆண்ட்ராய்டு 12-ல் நிமிடம் தவறாத அலாரத்துக்கென்று தனி அனுமதி வந்தது. 14-ல், புதிதாக நிறுவுகிறவர்களுக்கு அது தானாகக் கிடைக்காது, செட்டிங்ஸில் போய்த் திறந்துவிட வேண்டும் என்று ஆனது. எழுபது வயதுக்காரர் அங்கே போவாரா? அது போதாதென்று, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று சில போன்கள் பின்னணியில் இருக்கிற ஆப்பை நிறுத்திவிடுகின்றன. மாடலுக்கு ஒரு மெனு, மெனுவுக்கு ஒரு பெயர். என்னிடம் சோதித்துப் பார்க்க இருப்பது இரண்டே போன்.

போன மாதம் ஒரு ரிவ்யூ: "அப்பாவுக்கு பிபி மாத்திரை விட்டுப்போனது. இந்த ஆப்பை நம்பியதுதான் காரணம்." ஒரு ஸ்டார். அதற்கப்புறம் நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. ஒரு காலத்தில் ஆசையாகச் செய்த வேலை, இப்போது எடிட்டரைத் திறக்கவே கை போகவில்லை. வீட்டுக்காரர் மூடிவிடு என்கிறார். நம்பி வைத்திருப்பவர்களை என்ன செய்வது?

இந்த நேரம் பார்த்து இரண்டு மெயில். ஒருவர் சில மாதங்களாகவே சுத்தமான புல் ரிக்வெஸ்ட் (கோடில் சேர்க்கச் சொல்லும் திருத்தம்) அனுப்புகிறவர். என்னையும் மெயின்டெய்னர் (பராமரிப்பவர்) ஆக்கி, புதுப் பதிப்பை வெளியிடும் ரிலீஸ் உரிமை கொடுங்கள், நீங்கள் ஓய்வெடுங்கள் என்கிறார். அவரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. இன்னொன்று, ஆப்பை விலைக்குக் கேட்கும் ஒரு கம்பெனி. தொகை மோசமில்லை.

இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

---

ராக்ஃபோர்ட்

சும்மா செய்வதால்தான் இந்தச் சலிப்பு. கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் (நன்கொடை வசதி) திறந்து வையுங்கள். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-ல் ஆரம்பித்த ஃப்ளாஸ் ஃபண்ட் இருக்கிறதே, ஓப்பன் சோர்ஸுக்கென்று வருடத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குகிறார்கள். விண்ணப்பித்துப் பாருங்கள்.

---

மாத்திரைப்பெட்டி

நன்கொடைப் பட்டன் இருக்கிறது அண்ணா. எப்போதாவது டீச் செலவுக்கு வரும். அந்த ஃபண்ட் ஒரு திட்டத்துக்குக் குறைந்தது 10,000 டாலர் என்ற அளவில் கொடுப்பது, என் ஆப் அந்த உயரத்துக்கு இல்லை. அப்புறம், பணம் வந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார வேண்டியது நான்தானே.

---

பழைய பெங்குவின்

இரண்டு மெயிலுக்கும் இப்போது பதில் போடாதீர்கள். நாம் சோர்ந்து கிடக்கிற நேரம் பார்த்து வருகிற உதவியைத்தான் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும்.

எக்ஸ்இசட் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மெயின்டெய்னர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவி. லாசே கொலின் என்ற ஒரே மனிதர் சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டார். 2022-ல் மெயிலிங் லிஸ்டில் அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர்களில் சிலர் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று அவர் எழுதினார். அந்த மடல் இன்னும் காப்பகத்தில் இருக்கிறது. படித்துவிட்டு அன்றைக்கு நான் வேறு வேலை பார்க்கவில்லை. அப்போது நல்ல நல்ல பேட்ச்களோடு (திருத்தங்களோடு) பக்கத்திலேயே நின்றவர் "ஜியா டான்". கொஞ்சம் கொஞ்சமாக ரிலீஸ் உரிமை அவர் கைக்குப் போனது. 2024-ல் வந்த 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழைய வழி. தூரத்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவப் போகாவிட்டால் அது உலகம் முழுக்க சர்வர்களில் ஏறியிருக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பின்கதவைக் கிளப்பிவிடும் ஸ்கிரிப்ட் கிட் ரெப்போவில் (எல்லோரும் பார்க்கும் கோட் களஞ்சியத்தில்) இல்லை, ரிலீஸ் செய்த டார் கோப்பில் (தொகுப்புக் கோப்பில்) மட்டும்தான் இருந்தது. உங்கள் ஆளும் ரிலீஸ் உரிமைதான் கேட்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அநேகமாக நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். 2018-ல் ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, தனக்கு இனி வேண்டாம் என்று அதை எழுதிய டொமினிக் டார், கேட்டவரிடம் கொடுத்தார். வாங்கியவர் பிட்காயின் வாலட்டில் கைவைக்கும் கோடை அதற்குள் நுழைத்தார். அவரும் நல்ல பிள்ளையாகத்தான் மெயில் போட்டிருப்பார்.

இப்போது உங்கள் ஆப்புக்கு வருகிறேன். இணைய அனுமதி கேட்காது என்றீர்கள். ஆண்ட்ராய்டில் அந்த அனுமதிக்குப் பயனரிடம் கேள்வியே கிடையாது. நாளைக்கு ஒரு அப்டேட்டில் யாராவது அதைச் சேர்த்தால் திரையில் ஒன்றும் வராது, சத்தமில்லாமல் கிடைத்துவிடும். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரைக்கா, வலிப்புக்கா, மனச்சோர்வுக்கா என்பதெல்லாம் வெளியே போகும். விலைக்குக் கேட்கிற கம்பெனிக்கு உங்கள் கோட் எதற்கு? அது கிட்ஹப்பில் இலவசமாகக் கிடக்கிறது. அவர்களுக்கு வேண்டியது சைனிங் கீயும் (அப்டேட் உங்களுடையதுதான் என்று முத்திரையிடும் சாவி) ப்ளே கன்சோல் கணக்கும் (ஸ்டோரில் வெளியிடும் கணக்கு), அதாவது அப்டேட்டை நம்பி வாங்கிக்கொள்ளும் போன்கள்.

2023-ல் சிம்பிள் மொபைல் டூல்ஸுக்கு என்ன ஆனது என்று பார்த்திருப்பீர்கள். கேலரி, டயலர், காலண்டர் என்று விளம்பரமில்லாத ஆப்கள், வருடக்கணக்காகச் சேர்த்த பெயர். ஜிபோஆப்ஸ் என்ற கம்பெனிக்கு விற்றார்கள். விற்றவரை நான் திட்டமாட்டேன், அவர் உழைப்பு, அவர் உரிமை. ஆனால் நம்பி நிறுவியவர்களிடமும் கோட் கொடுத்தவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. ஜிபிஎல் என்பதால் கூட இருந்தவர்கள் பழைய கோடை எடுத்து ஃபாசிஃபை என்று தனியாகத் தொடங்க முடிந்தது. உங்களுக்கும் அந்த வழிதான் சரி என்று படுகிறது. ஆர்வமுள்ளவர் ஃபோர்க் செய்யட்டும், அதாவது கோட் பிரதியெடுத்துத் தனியாக நடத்தட்டும். புதுப் பெயர், புது பேக்கேஜ், அவருடைய சொந்தக் கீ. போக விரும்புகிறவர்கள் தெரிந்தே போவார்கள். ப்ளே ஸ்டோரில் புதுத் தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை 14 நாள் சோதிக்க வைக்க வேண்டும். அந்தச் சிரமத்தை அவர் படட்டுமே. நிஜமாகவே ஆசை இருந்தால் படுவார்.

நிறுத்துவது பாவமில்லை. சாதனங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங்கின் ஆண்ட்ராய்டு ஆப்பையே 2024 டிசம்பரோடு நிறுத்தினார்கள். ப்ளே ஸ்டோரில் வெளியிடுவது பெரும்பாடாகிவிட்டது, பராமரிக்கவும் ஆள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ரெப்போவை ஆர்க்கைவ் செய்தார்கள் (படிக்க மட்டும் என்று பூட்டினார்கள்). வேறொருவர் பராமரித்த ஃபோர்க்குக்கு மக்கள் மாறிக்கொண்டார்கள். நானும் ஒரு எழுத்துரு மாற்றி வைத்திருந்தேன், பாமினி, டாப் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்குக் கொண்டுவருவது. ஆர்க்கைவ் பட்டனை அழுத்திவிட்டு மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது யாரோ ஃபோர்க் எடுத்து, நான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட கொம்புப் பிழையைச் சரி செய்திருந்தார்கள். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

நீங்கள் விட்டுவிட்டாலும் ஏற்கெனவே நிறுவியவர்களின் போனில் ஆப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டார்கெட் ஏபிஐ (எந்த ஆண்ட்ராய்டுக்காக எழுதியது என்ற எண்) பழசாகிவிட்டால், புது ஆண்ட்ராய்டு போன் வாங்கும் புதியவர்களுக்கு ப்ளே ஸ்டோரில் தென்படாது. அது நல்லதுதான். பராமரிப்பில்லாத மருந்து ஆப் புதிதாக யாருக்கும் போகக்கூடாது.

---

நேர்பேச்சு

எல்லாம் சரி. இலவசம் என்றால் பொறுப்பு கிடையாதா? மருந்து விஷயம் இது. கடைசிவரை பார்க்க முடியாதவர்கள் ஸ்டோரில் போட்டிருக்கவே கூடாது.

---

பழைய பெங்குவின்

அன்னதானப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது பாயசம் எங்கே என்று அதட்டுகிற ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். ஜிபிஎல்லில் எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது உங்களுக்காகத்தான் சார்.

---

உப்புக்காத்து

அப்பாவின் போனில் நான் போட்டிருப்பது உங்கள் ஆப்பாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன். தூத்துக்குடியில் அப்பா, ஓசூரில் நான். அப்பாவுக்கு வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்க) உண்டு, டோஸ் அடிக்கடி மாறும். ஆப்போடு போனின் சொந்தக் கடிகாரத்திலும் அலாரம் வைத்திருக்கிறேன், ராத்திரி எட்டரைக்கு நானும் கூப்பிடுவேன். ஒரே ஆப்பை நம்பி அந்த மாத்திரையை விடுகிறவன் முட்டாள். அந்த ரிவ்யூ எழுதியவருக்கு அன்றைக்கு அப்பாவைப் பற்றிய பயம். அது உங்கள் தலையில் இறங்கியிருக்கிறது.

அப்டேட் வராது என்றால் சொல்லிவிடுங்கள், மாறிக்கொள்வோம். சொல்லாமல் காணாமல் போகிற ஆப்தான் எங்களுக்குப் பிரச்சினை. ஒரே வேண்டுகோள், மருந்துப் பட்டியலை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டும். அப்பாவுக்காக எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய என்னால் ஆகாது.

---

மாத்திரைப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. இணைய அனுமதி கேள்வியில்லாமல் சேரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் விற்கிற கோணத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. கம்பெனிக்கு "விற்பனைக்கு இல்லை" என்று ஒரு வரி அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் தொகையைக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார், சரி விடு என்றார்.

பேட்ச் அனுப்பியவரிடம் ஃபோர்க் செய்யுங்கள், லைசென்ஸும் பெயர் மாற்றமும் மட்டும் கவனம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் சந்தோஷம்.

கடைசி ரிலீஸ் ஒன்று போடப்போகிறேன். திறந்ததும் "இனி இந்த ஆப்புக்கு அப்டேட் கிடையாது, முக்கியமான மருந்துக்கு வேறு ஏற்பாடும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ஏற்றுமதிப் பட்டன் இருக்கும். ரிவ்யூ நோட்டிஃபிகேஷனை நேற்றே அணைத்துவிட்டேன். கீயை அழிக்கவில்லை, பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று.

ஒரு சந்தேகம்: ஏற்றுமதிக் கோப்பு ஜேசானா (நிரல்கள் படிக்கும் வடிவம்), சிஎஸ்வியா (எக்செல்லில் திறக்கும் பட்டியல்)? ஜேசான் எனக்குச் சுலபம்.

---

உப்புக்காத்து

சிஎஸ்வி போடுங்கள். பிரிண்ட் எடுத்து டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் காட்டலாம். பாதி மாத்திரையை 0.5 என்று போடாமல் "பாதி" என்றே எழுதுங்கள், 0.5-ஐ அப்பா 5 என்று படித்துவிடுவார்.