அசிட்டைல்கோலின் விட்டும் தளராத வளையம்: உங்கள் மேசையில் என்ன ஆனது?

அயோர்ட்டா_ரிங்
எலியின் மார்புப் பெருந்தமனி. 3 மி.மீ. வளையம் நாலு, 10 மி.லி. பாத் (உப்புக் கரைசல் தொட்டி) நாலு; ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு கம்பியில் மாட்டித் தொங்கவிட்டு இழுவிசையைக் கோடாகப் பதிந்தேன். குழாயை இறுக்கும் ஃபினைலெஃப்ரின் 1 மைக்ரோமோலார் விட்டதும் நாலும் ஏறி மேலே நின்றன. அதன்மேல், உள்ளணி (தமனியின் உட்புறச் செல் அடுக்கு) வழியாகக் குழாயைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் 10 மைக்ரோமோலார். மூன்று மளமளவென்று சரிந்தன. நாலாவதன் கோடு மட்டும் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கழுவி, பக்கத்து பாத்தில் மாட்டிப் பார்த்தும் அதே கதை. கடைசியில், தசையையே நேராகத் தளர்த்தும் சோடியம் நைட்ரோபுருசைடு விட்டதும் ஒரே இறக்கமாக அடிக்கு வந்தது. ஆக, தசை நன்றாக இருக்கிறது, உள்ளணி போய்விட்டது. ஒரே தமனி, ஒரே பிளேடு, அடுத்தடுத்த வெட்டு. நாலில் ஒன்று மட்டும் ஏன்?

மில்லிநியூட்டன்
கம்பி மாட்டும்போது போயிருக்கும். முதல் கம்பி சுலபமாக நுழைந்துவிடும். இரண்டாவது நுழையும்போதுதான் முதல் கம்பி வளையத்தை ஒரு பக்கம் இழுத்து, சுவர் உள்ளே மடிந்து நிற்கும். கம்பி முனை அந்த மடிப்பை வழித்துக்கொண்டு போகும். உள்ளணி ஒற்றைச் செல் அடுக்கு, ஒரு தடவை வழித்தால் போதும். முனையை எண்ணெய்க் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ளவும். வளையத்தை வெளிச்சவ்வில் மட்டும் பிடிக்கவும். ஃபோர்செப்ஸின் ஒரு காலை உள்ளே விட்டுப் பிடிப்பவர்களுக்கு நாலில் இரண்டு போகும்.

பழைய_கைமோகிராஃப்
எல்லாவற்றுக்கும் கம்பியையே குற்றம் சொல்வதா? ஓய்வு இழுவிசை எவ்வளவு வைத்தீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. எலிப் பெருந்தமனிக்கு 1 கிராம் என்று ஒரு கூட்டம், 2 கிராம் என்று ஒரு கூட்டம். எழுதியதைப் பார்த்து வைக்காமல் அந்தந்த மேசையிலேயே கண்டுபிடிக்க வேண்டியது இது. 0.5 கிராமில் தொடங்கி அரை அரை கிராமாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் 60 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு விட்டு ஏற்றத்தை அளக்கவும். ஏற்றம் கூடுவது எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் உங்கள் எண். அதற்கு மேல் இழுத்தால் உள்ளணி கிழியும்.

மில்லிநியூட்டன்
சார், நாலுக்கும் ஒரே இழுவிசைதானே வைத்திருக்கிறார்? மூன்று தளர்ந்திருக்கின்றனவே.

பழைய_கைமோகிராஃப்
இழுவிசையை அளக்கும் நாலு டிரான்ஸ்டியூசரையும் அன்று காலை எடைக்கல் தொங்கவிட்டுச் சரிபார்த்தாரா? திரையில் 2 என்று தெரிவது உள்ளே 3 ஆக இருக்கலாம். 1 கிராம் எடைக்கல் 9.81 மில்லிநியூட்டன் காட்ட வேண்டும். காட்டாத சேனலில் பேச்சே இல்லை.

கார்போஜன்
இங்கே மாட்டிக்கொண்டது வேறு இடத்தில், ஆனால் பார்க்க இதே மாதிரி இருந்தது. அடிக்கோடு தானாக மேலே ஊர்ந்தது, நாலு பாத்திலும். மருந்து எதுவும் விடவில்லை. அரைமணி கழித்துத்தான் சிலிண்டர் கண்ணில் பட்டது: ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கார்போஜனுக்குப் பதில் வெறும் ஆக்சிஜன். 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு இல்லையென்றால் பைகார்பனேட் கரைசலின் பி.எச். 7.4இல் நிற்காது, 8ஐத் தாண்டும். ரிசர்வாயர் லேசாகப் பால் மாதிரி மங்கியிருந்தது. கால்சியம் வீழ்படிந்துவிட்டது.

இதைக் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாத்தில் ஊற்றும் கிரெப்ஸ் கரைசலைக் கலக்குவதில் பாதிப் பேர் செய்யும் தப்பு வரிசையில் இருக்கிறது. ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, மெக்னீசியம் சல்ஃபேட் ஏழு நீர் உள்ளது 0.30, பொட்டாசியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்ஃபேட் 0.16, சோடியம் பைகார்பனேட் 2.1, குளுக்கோஸ் 2 கிராம். இதையெல்லாம் 900 மி.லி. நீரில் கரைத்து, கார்போஜனை 20 நிமிடம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கால்சியம் குளோரைடு. கட்டியாகப் போடக் கூடாது. 1 மோலார் கரைசலாக வைத்துக்கொண்டு 2.5 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். பிறகு லிட்டருக்கு நிரப்பலாம். தூளாக எடை போடுகிறவர்கள் புட்டியைப் படியுங்கள்: இரு நீர் உள்ளது என்றால் 0.37 கிராம், நீரற்றது என்றால் 0.28. நீரற்றது மூடி திறந்த நாளிலிருந்தே ஈரம் இழுக்கும், நம்ம ஊர் ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அந்தத் தூளை 0.28 எடை போட்டால் உள்ளே எவ்வளவு கால்சியம் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். குளுக்கோஸ் போட்ட கரைசலை மறுநாளைக்கு வைக்காதீர்கள், பூஞ்சை வரும். சாயங்காலம் டியூப் முழுவதையும் காய்ச்சி வடித்த நீரால் மூன்று தடவை ஓட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை நீர்த்த அமிலம் விட்டால் சுவரில் படிந்த சுண்ணாம்பு போகும். அமிலத்துக்குப் பிறகு பி.எச். தாளில் சோதிக்காமல் திசுவைத் தொங்கவிட வேண்டாம்.

அயோர்ட்டா_ரிங்
சிலிண்டர் சரிதான். கரைசலும் தெளிவாக இருந்தது. நாலுக்கும் ஒரே குப்பி அசிட்டைல்கோலின் என்பதால் மருந்து கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பில்லை.

ஸ்ட்ரிப்பா_ரிங்கா
இந்தக் கோட்டைப் பார்த்தாலே மருந்தியல் ஆய்வாளர் ஃபர்ச்காட் ஞாபகம்தான் வருகிறது. 1953இல் அவர் முயல் பெருந்தமனியைச் சுருள் பட்டையாக வெட்டித் தொங்கவிட்டபோது அசிட்டைல்கோலினுக்கு இறுக்கம் மட்டுமே வந்தது, தளர்ச்சி இல்லை. உயிருள்ள விலங்கில் அதே மருந்து இரத்தக் குழாயை விரிக்கிறது. இந்த முரண் கால் நூற்றாண்டு கிடந்தது. 1978இல் அவருடைய புரூக்ளின் ஆய்வகத்தில், குழாயை இறுக்கும் நார்எபிநெஃப்ரினைக் கழுவிவிட்டுப் போட வேண்டிய கார்பகோலை (அசிட்டைல்கோலின் மாதிரியான மருந்து), கழுவாமலே டெக்னீஷியன் போட்டுவிட்டார். வளையம் தளர்ந்தது. பட்டை வெட்டும்போது உள்பக்கம் விரலிலோ தாளிலோ உரசி அந்த ஒற்றை அடுக்கு போய்க்கொண்டிருந்திருக்கிறது. வளையத்தில் அது பிழைத்தது. பிறகு உள்ளணி உள்ள பட்டையையும் உரித்த பட்டையையும் முகத்தோடு முகம் வைத்து 'சாண்ட்விச்' செய்தார்கள். உரித்ததும் தளர்ந்தது, ஆக ஏதோ ஒன்று கசிந்து போகிறது. 1980இல் ஸவாட்ஸ்கியுடன் நேச்சர் இதழில் வந்தது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. 1998இல் இக்னாரோ, முராத் இருவரோடு சேர்த்து நோபல்.

அதனால் அந்த நாலாவதைத் தூக்கிப் போடாதீர்கள். கேட்காமலே கிடைத்த உரித்த வளையம். மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தால் உங்கள் மருந்து உள்ளணி வழியாக வேலை செய்கிறதா, தசையிலேயே நேராகவா என்று தெரியும். ஒரு எலிக்கும் நெறிமுறைக் குழுவிடம் கணக்குக் கொடுக்கிற காலம் இது.

மில்லிநியூட்டன்
அது ஆபத்தான யோசனை. தானாக உரிந்தது பாதி உரிந்ததாகவும் இருக்கலாம். வேண்டுமென்று உரிப்பதானால் நனைத்த பருத்தி நூலையோ மழுங்கிய கம்பியையோ உள்ளே விட்டு மெதுவாக உருட்டி, தளர்ச்சி 10 சதவீதத்துக்குக் கீழ் என்று பார்த்த பிறகே 'உரித்தது' என்று எழுத வேண்டும்.

இரட்டைக்_கோடு
தளராததைவிடக் குழப்பும் ஒன்று: தளர்ந்து, பிறகு திரும்ப ஏறுவது. மரபுவழி உயர் இரத்த அழுத்த எலிகளின் பெருந்தமனியில் அசிட்டைல்கோலின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், 1 மைக்ரோமோலார் வரை இறங்கிய கோடு 10இல் கொக்கி போட்ட மாதிரி மேலே வளையும். மருந்து கெட்டது, பாத் கலங்கியது என்று ஆயிரம் சந்தேகம் வரும். இண்டோமெதசின் 10 மைக்ரோமோலார் அரைமணி முன்னாடி விட்டால் அந்தக் கொக்கி காணாமல் போகும். உள்ளணியே, குழாயை இறுக்கும் புரோஸ்டனாய்டு என்ற பொருளையும் விடுகிறது; இண்டோமெதசின் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது.

இன்னொன்று: ஃபினைலெஃப்ரினை உச்ச அளவுக்கு விட்டுவிட்டுத் 'தளரவில்லை' என்பவர்களும் உண்டு. உச்சத்தின் 70, 80 சதவீதத்தில் நிறுத்தினால்தான் நைட்ரிக் ஆக்சைடு இழுத்து இறக்க இடம் இருக்கும்.

டாப்ளர்_கண்
இதெல்லாம் எலி. மனிதக் கையில் உள்ளணி வேலை செய்கிறதா என்ற இதே கேள்வியைக் கேட்கும்போது படும் பாடு வேறு. முன்கையில் கஃப் (இரத்த அழுத்தம் பார்க்கும் காற்றுப் பட்டை), சிஸ்டாலிக்குக்கு மேல் 50 மி.மீ. பாதரசம், 5 நிமிடம். விட்டதும் முழங்கைக்கு மேலே தமனி விரிவதை அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். 4 மி.மீ. குழாய் 5 சதவீதம் விரிந்தால் அது வெறும் 0.2 மி.மீ. சுவர்க் கோட்டைக் கையால் வைத்து 0.1 மி.மீ. தப்பினாலே முடிவில் பாதி போய்விடும். ஒரு பதிவில் கஃப் விட்டு 20 விநாடிக்கு மட்டும் படம் எடுத்திருந்தார்கள். உச்சம் பெரும்பாலும் 45 விநாடிக்கு மேல்தான் வரும், சிலருக்கு இன்னும் தாமதம். விரிவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். கஃபை மேல்கையில் கட்டினால் விரிவு பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு குறைவு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

கேஸ்கட்
செல் பக்கமிருந்து ஒன்று. தொப்புள்கொடிச் சிரையின் உள்ளணிச் செல்களைத் தட்டை அறையில் வைத்து மீடியம் ஓட்டும்போது, ஓட்டம் செல்லை உரசி இழுக்கும் விசையான ஷியர் என்பது 6 × பாகுநிலை × ஓட்டம், அதை அகலத்தாலும் உயரத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். அகலம் 1 செ.மீ., உயரம் 200 மைக்ரான், பாகுநிலை 0.007 பாய்ஸ் என்றால் சதுர செ.மீ.க்கு 12 டைன் ஷியருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 மி.லி. போதும். திருகை இறுக்கியதில், அறையின் உயரத்தைத் தரும் தகடான கேஸ்கட் 180 மைக்ரானுக்கு நசுங்கினால், அதே ஓட்டத்தில் ஷியர் 23 சதவீதம் கூடிவிடும். திருகை டார்க் (முறுக்குவிசை) பார்த்து இறுக்காத இடங்களில் இரண்டு நாள் முடிவு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். காற்றுக் குமிழ் ஒன்று நுழைந்தால் இன்னும் மோசம். அது போன வழியில் செல்லே இருக்காது, மைக்ரோஸ்கோப்பில் வெள்ளைத் தடம் தெரியும்.

அயோர்ட்டா_ரிங்
குறிப்பேட்டைத் திரும்பப் பார்த்தேன். நாலாவது வளையம் உதரவிதானப் பக்கத்துக் கடைசித் துண்டு. கொழுப்பைச் சுத்தம் செய்யும்போது தமனி முழுவதையும் பிடித்திருந்த முனை அதுதான்.

மில்லிநியூட்டன்
இரண்டு முனையிலும் 2 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்.

பழைய_கைமோகிராஃப்
எறியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாவது சேனலில் எடைக்கல்லையும் தொங்கவிட்டுப் பாருங்கள்.