மறுமொழி: ரிக்கவரி ரூம் – ‘மீட்பறை’ வேண்டாமே

வணக்கம்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் நோயாளியை வைத்துப் பார்க்கும் ‘ரிக்கவரி ரூம்’ என்பதற்கு இங்கே சொன்ன ‘மீட்பறை’ எனக்கு ஒத்துவரவில்லை. கடலில் அகப்பட்டவரைத்தான் மீட்பார்கள். ‘புனர்வாழ்வு அறை’ அதைவிட மோசம். போர் முடிந்த 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்தான் நினைவுக்கு வரும், சத்திரசிகிச்சை வராது.

நான் முதலில் ‘மயக்கந்தெளி அறை’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர் கேட்பதும் அதைத்தானே. அதைக் கெடுத்தவர் என் அம்மா. தொடை எலும்பு முறிவுக்கு முள்ளந்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச்செய்து சத்திரசிகிச்சை செய்தார்கள். விடுதிக்கு (வார்டுக்கு) கொண்டுவந்ததும் சின்னம்மா ஓடிப்போய், “மயக்கம் தெளிஞ்சிட்டுதோ அக்கா?” என்றார். “நான் மயங்கவேயில்லையே, பிறகென்னத்தைத் தெளியிறது? கால்தான் இன்னும் என்ர கால் மாதிரி இல்லை” என்றார் அம்மா.

சரி, அப்படியென்றால் ‘உணர்வுமீள்’. மயங்கியவருக்கு நினைவும் மரத்தவருக்குக் காலும் திரும்புவதை இது சேர்த்துச் சொல்லும்.

அடுத்தது, அந்த அறையில் நடக்கும் வேலைக்குச் சொல்லும் ‘கண்காணிப்பு’. அது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு நின்றுவிடுகிறது. அந்த அறையில் தாதி நாடியையும் குருதியமுக்கத்தையும் ஒட்சிசன் அளவையும் சில நிமிடத்துக்கொருமுறை பார்க்கிறார்; நாக்குப் பின்னால் சரிந்து மூச்சை அடைத்தால் தாடையை உயர்த்திப் பிடிப்பதும், வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புவதும், நடுங்கினால் போர்த்திவிடுவதும் அவரேதான். பார்ப்பதற்கும் பராமரிப்பதற்கும் சேர்த்துத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கவனிப்பு. (காசு கொடுத்து ஆளைக் ‘கவனிக்கிற’ பொருளும் உண்டுதான். இடம் பார்த்து விளங்கிக்கொள்வார்கள்.)

ஆக, ‘உணர்வுமீள் கவனிப்பு’. நோயாளி மயக்கமருந்திலிருந்து எவ்வளவு மீண்டார் என்று பார்க்க 1970இல் அல்ட்ரெட்டே என்ற மயக்கமருந்து வைத்தியர் வகுத்த அளவுகோலை ‘உணர்வுமீள் புள்ளி’ எனலாம். அசைவு, மூச்சு, குருதிச் சுற்றோட்டம், நினைவு, நிறம் என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை கொடுத்து, 10க்கு 9 வந்தால் விடுதிக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. 1995இல் நிறத்தை எடுத்துவிட்டு ஒட்சிசன் நிறைவைச் சேர்த்தார். நல்லதுதான், ஒட்சிசன் குறைந்து எங்கள் தோலில் நீலம் பாரிப்பதைக் கண்டுபிடிக்க உதட்டையும் நாக்கையும்தான் பார்க்க வேண்டும்.

ரிக்கவரி என்றே விட்டால் என்ன என்று கேட்டவருக்கு: பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய கிறீன் வைத்தியரும் ‘கெமிஸ்ட்ரி’யை ‘கெமிஸ்தம்’ என்று வைத்துக்கொண்டவர்தான். பேச்சில் ரிக்கவரி இருக்கட்டும். பாடநூலுக்கும் கதவுக்கும்தான் இந்தச் சொல்.

கதவில் ‘உணர்வுமீள் அறை’ போதும். சேர்த்தே எழுதுங்கள். ‘உணர்வு மீள்’ என்று பிரித்தால் நோயாளிக்குக் கட்டளை போடுவதுபோல இருக்கும்.